கடப்பா கல்லில் வெள்ளைத் திட்டு: உப்பா, ஆசிட்டா?

திருநகர்வாசி
வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஆறு மாதத்துக்கு முன்பு மதுரை திருநகரில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தோம். கட்டி நாற்பது வருடமாவது இருக்கும். அறைக்கு ஒரு தரை. முன்னறையில் பச்சையும் வெள்ளையுமாக மொசைக். கூடத்தில் முன்பிருந்தவர்கள் போட்ட விட்ரிஃபைட் டைல்ஸ். பூஜை அறையில் நான்கே நான்கு மார்பிள் பலகை. சமையலறையில் தொடங்கிக் கொல்லைக் கதவு வரை கடப்பா கல்.

சிக்கல் கடப்பா கல்லில்தான். கறுப்பாக இருந்த கல்லில் ரூபாய் நாணயம் அளவில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. எங்கள் தெரு போர் தண்ணீர் பாத்திரத்தில் காய்ந்தால் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும், அதனால் உப்பு என்றே நினைத்தேன். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. வினிகர் ஊற்றச் சொல்லிக் கைப்பேசியில் ஒரு காணொளி வந்தது, ஊற்றினேன். ஈரம் இருந்தவரை கறுப்பாக இருந்தது, காய்ந்ததும் திட்டு பெரிதாகிவிட்டது. கடைசியாகக் கடைக்காரர் கொடுத்த ஆசிட்டை ஒரு வாளித் தண்ணீருக்கு அரை டம்ளர் என்று கலந்து கதவருகே ஊற்றித் தேய்த்தேன். நன்றாக நுரைத்தது. இப்போது இரண்டு கல் முழுவதும் சாம்பல் நிறம்.

சித்திரைத் திருவிழாவுக்கு மாமியாரின் அக்கா குடும்பம் வருகிறது. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மாமியார் அந்த இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாரியல்
வெள்ளி, இரவு 9.52

இன்னும் அரை டம்ளர் கூட்டியிருந்தால் கறை போயிருக்கும். கல்லும் கூடவே போயிருக்கும்.

கொத்தனார் மகன்
வெள்ளி, இரவு 10.20

சகோதரி, பயப்படாதீர்கள். நான் டைல்ஸ் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், அப்பா அதற்கு முன்பே கொத்தனார். ஆசிட் இல்லாமல் ஒரு வீட்டுத் தரையையும் நாங்கள் ஒப்படைத்ததில்லை. தவறு ஆசிட்டில் இல்லை, நீங்கள் கழுவிவிட்ட விதத்தில் இருக்கிறது. ஊற்றி இரண்டு நிமிடத்துக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். இன்னொரு முறை அளவாக ஊற்றி, உடனே கழுவிப் பாருங்கள்.

சாக்பீஸ்
வெள்ளி, இரவு 10.58

தயவுசெய்து இன்னொரு முறை ஊற்றாதீர்கள்.

ஆந்திரத்தில் கடப்பா பக்கம் வெட்டி எடுப்பதால் அந்தப் பெயர். பார்க்கக் கருங்கல் போல இருந்தாலும் அது சுண்ணாம்புக்கல் இனம். ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லும் அப்படித்தான். மார்பிளும் அதே குடும்பம், பூமிக்குள் வெந்து இறுகிய சுண்ணாம்புக்கல். மூன்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். அதன்மேல் எந்த ஆசிட் பட்டாலும் கரைந்து, கரியமில வாயு குமிழ் குமிழாக வெளியேறும். ‘நன்றாக நுரைத்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்திருப்பீர்கள். அந்த நுரைதான் உங்கள் கல்.

வினிகரும் ஆசிட்தான், வீரியம் குறைவு, அவ்வளவுதான். எலுமிச்சை, புளி, மோர், தக்காளிச் சாறு எல்லாமே மெதுவாக இதே வேலையைச் செய்யும். பளபளப்பான மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும்போது வெளிச்சம் சிதறுகிறது, கறுப்புக் கல் வெள்ளையாகத் தெரிகிறது. ஈரத்தில் கறுப்பாகிவிட்டது என்பதை நம்ப வேண்டாம். உப்புப் படிவும் ஈரத்தில் மறையும், அரிப்பும் மறையும்.

எது எது என்று பிரிக்க நகம் போதும். காய்ந்த திட்டின்மேல் நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் தண்ணீர் விட்டுப்போன உப்பு. எதுவும் உதிராமல் விரலுக்குச் சற்றுக் குழிவாகத் தட்டுப்பட்டால் அரிப்பு.

இன்னொரு சோதனை. படிக்கட்டுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ, யாரும் பார்க்காத மூலையில் ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிடம் காத்திருந்து துடையுங்கள். குமிழ் வந்தாலோ தடம் விழுந்தாலோ அந்தக் கல்லுக்கு வாழ்நாள் முழுவதும் ஆசிட் ஆகாது. வீட்டிலுள்ள நான்கு தரையிலும் செய்து பார்த்து எழுதுங்கள், அதற்குப் பிறகு பேசலாம். இன்று இரவே அந்த இரண்டு கல்லையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை துடைத்து, மறுபடி கழுவிவிடுங்கள். கல்லின் துளைகளில் மிச்சம் இருக்கும் ஆசிட் அடங்கும்.

கொத்தனார் மகன்
சனி, காலை 6.05

சார், பள்ளிக்கூடத்தில் சரி. வேலை நடக்கும் இடத்தில் டைல்ஸின்மேல் காய்ந்த சிமென்ட் பாலை எலுமிச்சை பிழிந்தா எடுப்பது?

சாக்பீஸ்
சனி, காலை 6.40

இல்லை தம்பி, அதற்கு ஆசிட்தான் வேண்டும். சிமென்ட் காரத்தன்மை உடையது, ஆசிட்டில் கரையும். விட்ரிஃபைட் டைல்ஸ் கரையாது. அதனால்தான் உங்கள் கையில் அது வேலை செய்கிறது. அதே காரணத்தால்தான் டைல்ஸுக்கு இடையிலுள்ள சிமென்ட் ஜாயிண்டையும் அது தின்கிறது. ஆசிட்டில் ஒப்படைத்த வீட்டில் ஒரு வருடம் கழித்து ஜாயிண்ட் மணல் மணலாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்களே?

கொத்தனார் மகன்
சனி, காலை 7.15

பார்த்திருக்கிறேன். சிமென்ட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

மேலூர்க் கல்
சனி, காலை 9.30

கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று யாராவது அடுத்து எழுதுவதற்குள் நான் எழுதிவிடுகிறேன். நான் கல் வெட்டும் பட்டறையில் இருப்பவன்.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் நிறைந்த கல்லை எலுமிச்சை ஒன்றும் செய்யாது, உண்மை. ஆனால் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று ஒன்று விற்கிறார்களே, பெயர்தான் காஷ்மீர், வெட்டுவது நம் மேலூர்ப் பக்கம். வெள்ளைக் கல்லில் குங்குமம் தெறித்தது போலச் சிவப்புப் புள்ளி இருக்கும். அது கார்னெட் என்ற கனிமம், அதற்குள் இரும்பு இருக்கிறது. ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ‘பளிச்சென்று இருக்கட்டும்’ என்று ஆசிட் விட்டுக் கழுவினார்கள். மூன்றாம் வாரம் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பழுப்பு வளையம், துரு. கல் மட்டம் என்று என்மேல் புகார். கல்லைக் கொடுத்தவன் நான், ஆசிட்டை ஊற்றியவர் மச்சான். மச்சானை யார் கேட்பது?

இரண்டாவது, கிரானைட்டும் குடிக்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீரைக் கல்லின்மேல் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த இடம் கருத்தால் கல் தண்ணீரை உள்ளே இழுக்கிறது என்று பொருள். தண்ணீரை இழுக்கும் கல் விளக்கு எண்ணெயையும் இழுக்கும். அப்படிப்பட்ட கல்லுக்கு, துளைக்குள் இறங்கித் தண்ணீரையும் எண்ணெயையும் தடுக்கும் வகை சீலர் பூச வேண்டும். அடர் கறுப்பு கிரானைட் பெரும்பாலும் இழுக்காது. அதற்குச் சீலர் பூசினால் உள்ளே போகாமல் மேலேயே பிசுபிசுவென்று நிற்கும், காசும் வீண்.

திருநகர்வாசி
சனி, பகல் 12.10

எல்லாருக்கும் நன்றி. நான்கு தரையிலும் சோதித்துவிட்டேன். மாமியார் தூங்கும் நேரம் பார்த்துத்தான் செய்தேன், எலுமிச்சையும் கையுமாக பீரோவுக்குப் பின்னால் நிற்பதை என்னவென்று விளக்குவது?

விட்ரிஃபைட்: ஒன்றுமில்லை. மார்பிள்: மெல்லிய குமிழ், துடைத்ததும் மங்கலான வட்டம். மொசைக்: குமிழ் வந்தது! கடப்பா: குமிழ், தடம்.

நகச் சோதனையில்தான் குழப்பம். கொல்லைக் குழாய்ப் பக்கம் உள்ள திட்டுகளில் பொடி உதிர்கிறது. சமையலறை மேடைக்குக் கீழே, நான் முதலில் பார்த்த வட்டத் திட்டுகளில் ஒன்றும் உதிரவில்லை. அவை நான் வினிகர் ஊற்றுவதற்கு முன்பே இருந்தவை. அப்படியானால் அங்கே யார் ஆசிட் ஊற்றினார்கள்?

சாக்பீஸ்
சனி, பகல் 1.00

மொசைக்கில் ஆச்சரியமில்லை, மார்பிள் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்துத் தேய்த்த தரை அது. சில்லும் கரையும், சிமென்ட்டும் கரையும்.

உப்புக்கு ஒரு கணக்கு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம், கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. உங்கள் போர் தண்ணீர் அந்த 2000 என்றே வைத்துக்கொள்வோம். துடைத்த பிறகு தரையில் தினம் ஒரு லிட்டர் காய்ந்தால் 2 கிராம், மாதத்துக்கு 60 கிராம் உப்பு. ஒரு கைப்பிடி உப்பைத் தரையில் நீங்களே பூசிவிடுகிறீர்கள். கடைசித் துடைப்பையாவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் வைத்துக்கொண்டு, ஈரம் தானாகக் காய விடாமல் உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

வட்டத் திட்டு எனக்குப் புரியவில்லை.

மாசிவீதி
சனி, மாலை 5.45

எனக்குப் புரிகிறது அம்மா. உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை எங்கே உட்கார்ந்து துலக்குவார்கள்?

எங்கள் வீடு வடக்கு மாசி வீதிப் பக்கம், தாத்தா காலத்து வீடு. நடுமுற்றத்தைச் சுற்றி இதே கல். பித்தளை விளக்குக்கும் செம்புக்கும் புளிதான். ஊறவைத்த புளியை ஓர் உருண்டையாகப் பக்கத்தில் தரையில் வைத்துக்கொண்டு தேய்ப்பார்கள். எங்கள் பாட்டி கல்லின்மேல் ஒருபோதும் புளியை வைக்க விடமாட்டார், ஒரு பலகையோ வாழை மட்டையோ அடியில் இருக்க வேண்டும். காரணம் கேட்டால் ‘கல்லுக்குப் பல் கூசும்’ என்பார். சிறுவயதில் சிரித்திருக்கிறேன். இன்று சாக்பீஸ் ஐயா எழுதியதைப் படித்ததும் பாட்டிக்கு வேதியியல் பட்டமே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

நிலைவாசலில் எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி வைக்கிறோமே, அதுவும் இதே கதைதான். கருங்கல் படியாக இருந்தவரை தாங்கியது. இப்போது மார்பிள் படி போட்டுவிட்டு அதன்மேல் வாரா வாரம் எலுமிச்சை வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை நிலா. ஒரு சிறு தட்டு வைத்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

தினசரி வேலையில் நாங்கள் எதுவும் புதிதாகச் செய்வதில்லை. துடைப்பதற்கு முன்பு பெருக்குவது, அதுவும் பூந்துடைப்பத்தால், இரண்டு முறை. தெருவிலிருந்து செருப்போடு வரும் மணலை எடுக்காமல் ஈர மாப் போட்டால் அது துடைப்பு அல்ல, தேய்ப்பு. பிறகு வெறும் தண்ணீர், இரண்டு வாளி, ஒன்றில் அலச, ஒன்றில் நனைக்க. வாரம் ஒரு நாள் நனைக்கும் வாளியில் தேங்காய் எண்ணெய் நான்கைந்து சொட்டு. அறுபது வருடமாகக் கல் கறுப்பாகவே இருக்கிறது.

சாக்பீஸ்
சனி, மாலை 6.20

புளியில் டார்டாரிக் ஆசிட். எனக்குத் தோன்றவே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

மணல் பற்றி ஐயா சொன்னதற்கு எண்ணும் உண்டு. கடினத்தன்மை அளவையில் மார்பிளின் கால்சைட் 3, மணலின் குவார்ட்ஸ் 7. ஈர மாப்புக்கு அடியில் மணல் இருந்தால் அது உப்புத்தாள்தான்.

திருநகர்வாசி
சனி, இரவு 8.30

மேடைக்குக் கீழே, குழாய்க்கு எதிரே. வெள்ளிதோறும். மாமியார்தான்.

இந்த இழையை அவரிடம் நான் காட்டப் போவதில்லை.

வாரியல்
சனி, இரவு 8.34

இரண்டு கல் உங்கள் கணக்கு, வட்டம் எல்லாம் அவர் கணக்கு. சமாதானமாகப் போங்கள்.

அலங்காநல்லூர்க்காரி
ஞாயிறு, காலை 7.10

தேங்காய் எண்ணெய்க்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். எங்கள் தோட்டத்து வீட்டில் சிவப்புக் காவித் தரை. யாரோ சொன்னார்கள் என்று அம்மா எண்ணெயைக் கையிலேயே ஊற்றித் தேய்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. நான்காம் நாள் அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்க ஐந்து மாதமானது. மீதி எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுப்புப் படலமாகி, அதை எடுக்க நாங்கள் பட்ட பாடு வேறு. அழகுக்காக எண்ணெய் பூசுவதை வயதானவர்கள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாசிவீதி
ஞாயிறு, காலை 7.50

மிகவும் வருத்தமாக இருக்கிறது அம்மா. நான் எழுதியது ஒரு வாளிக்கு நான்கைந்து சொட்டு. இருந்தாலும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். படி, குளியலறை வாசல், வயதானவர்கள் இரவில் நடக்கும் வழி, இங்கெல்லாம் சொட்டுக்கூட வேண்டாம்.

சாக்பீஸ்
ஞாயிறு, காலை 8.30

தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாத வகை. ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும், காலப்போக்கில் மஞ்சளாகும். தேங்காய் எண்ணெய் துளைக்குள் போனது போக மிச்சம் அப்படியே ஈரமாக நிற்கும். ஆகவே பூசினால் அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் ‘ஒன்றுமே இல்லை’ என்று தோன்றும்வரை துடைத்தெடுக்க வேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸில் எண்ணெய்க்கு வேலையே இல்லை, உள்ளே போகத் துளை கிடையாது.

ஆத்தங்குடிக்காரர் வீட்டு மருமகள்
ஞாயிறு, காலை 10.15

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே எண்ணெய்ச் சொட்டுதான். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தட்டின்மேல் சாயம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, பின்னால் மணல் சிமென்ட் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சிமென்ட் என்பதால் ஆசிட் பட்டால் பூ வேலை எல்லாம் வெளுத்துவிடும். பிறந்த வீட்டில் நாங்கள் ஃபினாயில்கூடப் போடுவதில்லை. நடக்க நடக்கத்தான் அதற்கு மினுமினுப்பு கூடுகிறது, ஆள் இல்லாத வீட்டில் மங்கிவிடுகிறது.

அலங்காநல்லூர்க்காரி
ஞாயிறு, காலை 10.40

அதே காவித் தரையில் சுவர் ஓரமாக வெள்ளைப் பஞ்சு போல உப்புப் பூக்கிறது. கழுவினால் போகிறது, மறுவாரம் திரும்பி வருகிறது.

கொத்தனார் மகன்
ஞாயிறு, காலை 11.00

அக்கா, அது தரைக்கு அடியிலிருந்து ஈரம் ஏறி, கூடவே உப்பையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவது. கழுவினால் மறுபடி ஈரம்தான் கொடுக்கிறீர்கள். காய்ந்தபடியே நார்ப் பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். வெளியே சுவரோரம் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூரைத் தண்ணீரோ தொட்டிக் கசிவோ இருக்கும்.

திருநகர்வாசி
ஞாயிறு, மாலை 4.20

கொத்தனார் மகன் அண்ணா, கூடத்து டைல்ஸுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். தினமும் துடைக்கிறேன், வாசனை ஃபினாயில் இரண்டு மூடி, சோப்புத்தூள் ஒரு பிடி. துடைத்து முடித்ததும் மேகம் மேகமாக இருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் தடம் விழுகிறது.

கொத்தனார் மகன்
ஞாயிறு, இரவு 9.05

சகோதரி, ஆசிட் விஷயத்தில் தவறாகச் சொன்னதற்கு இதிலாவது ஈடுகட்டுகிறேன்.

முழுக் கூடத்தையும் தொடாதீர்கள். ஒரே ஒரு டைல்ஸ் போதும். கை பொறுக்கும் சூட்டில் அரை வாளித் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி வாஷிங் சோடா. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த டைல்ஸில் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு நைலான் பிரஷால் தேயுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடையுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு மிக நன்று.

அந்த ஒரு டைல்ஸ் மட்டும் பளிச்சென்று தெரிந்தால், மற்றவற்றில் இருப்பது அழுக்கு அல்ல, சோப்பு. விட்ரிஃபைட் டைல்ஸ் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதுதான் அதன் தரம். குடிக்காத பொருளின்மேல் ஒரு பிடி சோப்பு போட்டால் அது எங்கே போகும்? மேலேயே காயும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படலம். இரண்டு நாளில் கூடம் முழுவதையும் இப்படி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வெறும் தண்ணீர், வாரம் இரண்டு நாள் ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம். அதற்குமேல் வேண்டாம். வாசனை வேண்டுமென்றால் சாம்பிராணி போடுங்கள்.

பளிச்சென்று ஆகவில்லை, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கிறது என்றால் அது போட்டவன் துடைக்காமல் விட்ட சிமென்ட் பால். அதை நீங்கள் செய்ய வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வருபவர் முதலில் ஜாயிண்டை நல்ல தண்ணீரால் நனைக்கிறாரா என்று பாருங்கள். காய்ந்த ஜாயிண்ட் ஆசிட்டை உறிஞ்சும், தண்ணீர் குடித்த ஜாயிண்ட் அவ்வளவு உறிஞ்சாது. நேற்று இரவு என் அப்பாவிடம் கேட்டேன். ‘நாங்கள் எப்போதும் நனைத்துவிட்டுத்தான் செய்வோம், நீதான் அவசரக்காரன்’ என்றார்.

ஜாயிண்ட் கறுப்புக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, பழைய பல் பிரஷால் தேய்த்தால் பாதி போகும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். அதன் துகள் ஜாயிண்டில் சிக்கித் துருப்பிடிக்கும், பிறகு அந்தக் கறைக்கு மருந்து தேட வேண்டும்.

புதுவீடு
திங்கள், காலை 9.20

இவ்வளவு எதற்கு? எங்கள் குளியலறையில் [நெறியாளரால் நீக்கப்பட்டது] இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் ஐந்தே நிமிடத்தில் வெள்ளை வெளேர்.

நெறியாளர்
திங்கள், காலை 9.45

மேலே உள்ள பதிவில் கலவையின் பெயரை எடுத்துவிட்டோம். பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ எந்த ஆசிட்டோடும் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். வினிகரோடும் கூடாது. அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு பிளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒன்றை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே அதே இடத்தில் மற்றதை ஊற்றுவதும் ஆபத்து.

அலங்காநல்லூர்க்காரி
திங்கள், காலை 10.05

என் சித்திக்கு நடந்தது. ஜன்னல் மூடிய குளியலறை. இருமல் மூன்று நாள் நிற்கவில்லை, மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். ‘வெள்ளை வெளேர்’ என்று படித்ததும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது.

எல்லிஸ் நகர்
திங்கள், மாலை 6.30

இழையை நடுவில் மறிப்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு மொசைக்கில் கேஸ் சிலிண்டர் வைத்த இடத்தில் துரு வளையம். எலுமிச்சையும் உப்பும் போடலாம் என்று இருந்தேன், இந்த இழையைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

சுங்கடி
திங்கள், இரவு 7.50

நல்லவேளை இழுத்துக்கொண்டீர்கள். எங்கள் குடும்பம் சாயப் பட்டறைக் குடும்பம். பட்டறையில் ‘ஹைட்ரோஸ்’ என்போம், சோடியம் ஹைட்ரோசல்பைட். தண்ணீரில் தானாகக் கரையாத வாட் சாயத்தைக் கரையவைக்கப் பயன்படும். துரு தண்ணீரில் கரையாது. ஹைட்ரோஸ் அதைக் கரையும் இரும்பாக மாற்றிவிடும். பூஜை அறை மார்பிளில் இரும்புத் தூபக்கால் வைத்த வளையத்தை அப்படித்தான் எடுத்தேன்.

அரைக் கரண்டி ஹைட்ரோஸைச் சீமைச் சுண்ணாம்புத் தூளோடு கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக் கறையின்மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி அரை மணி நேரம். பிறகு எடுத்துக் கழுவிப் பார்த்து, தேவையென்றால் மறுபடி. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கந்தக நெடி அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. டப்பாவுக்குள் ஈரக் கரண்டியை விட்டால் தூள் சூடாகித் தீப்பிடிக்கும், பட்டறையில் பார்த்திருக்கிறேன். மிச்சத்தை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். முதலில் மூலையில் சோதியுங்கள், பளபளப்பு சற்று மங்கினாலும் மங்கும்.

கறை போன பிறகு சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த தட்டு வாங்குங்கள்.

மேலூர்க் கல்
திங்கள், இரவு 8.15

விளக்கு எண்ணெய்க் கறைக்கும் இதே அப்புகிற முறைதான், பொருள் வேறு. சமையல் சோடாவை அசிட்டோனில் குழைத்து அப்பி மூடி ஒரு நாள் விட வேண்டும். கல் குடித்ததை மாவு திரும்பக் குடிக்கும். ஒரே தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், சுற்றுமுற்றும் தீபம் எரியக் கூடாது. பூஜை அறை என்பதால் சொல்கிறேன்.

வெளிர் கல்லில் மஞ்சள் கறை என்றால் அவசரப்படாதீர்கள். வெயில் படும் இடமாக இருந்தால் மதுரை வெயிலே அதை எடுத்துவிடும்.

திருநகர்வாசி
புதன், இரவு 10.10

நிலவரம். கூடத்தில் ஒரு டைல்ஸ் சோதனை செய்தேன். சுற்றியிருந்த மற்ற டைல்ஸைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மூன்று நாள் எடுத்து முடித்துவிட்டேன். கணவர் ‘புது டைல்ஸ் போட்டாயா’ என்று கேட்டார். கொல்லைப் பக்கத்து உப்பு, பழைய அட்டையால் சுரண்டியதும் போய்விட்டது.

அந்த இரண்டு சாம்பல் கல்?

மேலூர்க் கல்
வியாழன், காலை 6.50

பளபளப்பு ஏற்றாத கடப்பா என்றால் நீங்களே செய்யலாம். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 220 எண், பிறகு 400, பிறகு 600, எண் கூடக்கூட நைசு. ஒரு மரக்கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுக்கொண்டே வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் திட்டோடு நிறுத்தாமல் கல் முழுவதையும் தேயுங்கள், இல்லையென்றால் திட்டுப் போய்த் தேமல் வரும். கழுவி ஒரு நாள் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் தேய்த்து, முழுவதும் துடைத்தெடுத்துவிடுங்கள். பழைய கறுப்பு அப்படியே வராது, பத்துக்கு எட்டு வரும். தேய்த்த சேற்றைச் சாக்கடையில் விடாமல் வாளியில் அள்ளிக் கொட்டுங்கள்.

மொசைக்குக்கு மட்டும் ஆள் வையுங்கள். மெஷினில் சானைக் கல் மாற்றி மாற்றித் தேய்த்தால் நாற்பது வருடத் தரையும் புதிதாக எழுந்து வரும். உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள்.

திருநகர்வாசி
அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், மாலை 5.00

தாமதத்துக்கு மன்னிக்கவும், வீடு நிறைய விருந்தாளிகள். ஞாயிற்றுக்கிழமை நானும் கணவருமாக இரண்டு கல்லையும் தேய்த்தோம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. ஒரு கல் நன்றாக வந்தது. மற்றொன்றில் கதவோரம் கொஞ்சம் சாம்பல் நிற்கிறது, அங்கே மிதியடி போட்டிருக்கிறேன்.

பெரிய மாமியார் சமையலறைக்குள் வந்ததும் முதலில் பார்த்தது மேடைக்குக் கீழே இருந்த வட்டங்களைத்தான். ‘என்னடி இது, கல்லெல்லாம் இப்படி?’ என்று தங்கையைக் கேட்டார். என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். ‘போர் தண்ணீர் உப்பு’ என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. குத்துவிளக்கு, செம்பு, புளி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவரே கொல்லைத் துணி துவைக்கும் கல்லுக்குப் போய்விட்டார். அது கருங்கல்.

வாரியல்
அதே நாள், மாலை 5.12

இழையைப் படித்துவிட்டாரோ?

திருநகர்வாசி
அதே நாள், மாலை 5.20

என் கைப்பேசியின் பூட்டு எண் அவருக்குத் தெரியும் என்று இப்போதுதான் கணவர் சொல்கிறார்.